கோள ஒத்ததிர்வுக் கலங்கள்: அளவு மாறினால் எதெல்லாம் மாறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணாடிக் குடுவையில் நீரை நிரப்பி, ஒலியால் ஒரு குமிழை நசுக்கி, அதிலிருந்து ஒளி வருவதைக் கண்ட எவரும் அடுத்த நிமிடமே கேட்பது ஒன்றுதான்: இதையே பெரிதாகச் செய்தால் என்ன? நல்ல கேள்வி. ஆனால் "பத்து மடங்கு பெரிய கோளம், ஆயிரம் மடங்கு விளைவு" என்று அதற்குச் சட்டென்று சொல்லப்படும் பதில் தவறு. ஏன் தவறு என்பதைக் கணக்கோடு காட்டத்தான் இந்தப் பக்கத்தை எழுதினேன்.

ஒப்பிட வசதியாக இரண்டு கலங்களையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 100 மில்லிலிட்டர் குடுவை, விட்டம் 5.76 சென்டிமீட்டர். மற்றது அதைப் பத்து மடங்கு பெரிதாக்கிய 100 லிட்டர் கோளம், விட்டம் 57.6 சென்டிமீட்டர். இரண்டிலும் 20 டிகிரி செல்சியஸில் நீர். அந்த நீரில் ஒலி நொடிக்கு 1,482 மீட்டர் போகும்.

கோள ஒத்ததிர்வு அமுக்கம் என்பது என்ன?

கோளத்தின் சுவரை மிக மெல்ல உள்ளும் புறமும் அசைக்கிறோம். அசைவின் அதிர்வெண் கோளத்தின் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்தினால், சுவரிலிருந்து கிளம்பும் அலையும் மறுபக்கத்திலிருந்து திரும்பும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து நிலை அலையாகின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் விரலால் தள்ளித் தள்ளி உயர ஏற்றுவது போலத்தான். மையத்தில் அழுத்தம் ஏறி இறங்குகிறது. அங்கே ஒரு வாயுக் குமிழ் இருந்தால், அழுத்தம் இறங்கும்போது அது விரிகிறது, ஏறும்போது நசுங்குகிறது.

ஏன் கோளம்? உருளையோ பெட்டியோ போதாதா?

போதும். பலர் உருளையில் செய்திருக்கிறார்கள். கோளத்தின் சிறப்பு, அலை எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே புள்ளியில் குவிவது. மெல்லிய சுவர் கொண்ட நீர்க் கோளத்தில் மைய அழுத்தத்தை 100 என்று வைத்தால், பாதி ஆரத்தில் அது 64, சுவருக்கு அருகே 90 சதவீத ஆரத்தில் வெறும் 11. சுவரில் ஏறத்தாழ சுழியம். கண்ணாடி சிரமப்படுவதில்லை, மையம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது.

அளவுக்கும் அதிர்வெண்ணுக்கும் என்ன உறவு?

மெல்லிய சுவர் கொண்ட நீர்க் கோளத்துக்கு விதி மிக எளிது: ஒலியின் வேகத்தை விட்டத்தால் வகுத்தால் அடிப்படை அதிர்வெண் வந்துவிடும். சிறு குடுவைக்கு 25.7 கிலோஹெர்ட்ஸ், பெரிய கோளத்துக்கு 2.57 கிலோஹெர்ட்ஸ். சுவரின் கனமும் குடுவையின் கழுத்தும் இதைச் சற்று நகர்த்தும், ஆகவே கணக்கைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

வாயு நிரப்பிய கனத்த உலோகக் கோளத்தில் நிலைமை வேறு. அங்கே சுவரில் அழுத்தம் உச்சமாக இருக்கும், அசைவுதான் இருக்காது. ஆர வழி அதிர்வின், அதாவது எல்லாத் திசையிலும் ஒரே சீராக மையத்தை நோக்கி உள்ளும் புறமுமாக நடக்கும் அதிர்வின், முதல் அதிர்வெண், ஒலியின் வேகத்தை விட்டத்தால் வகுத்து 1.43 ஆல் பெருக்கினால் கிடைக்கும். அதற்குக் கீழேயே ஆர வழி அல்லாத வேறு அதிர்வு முறைகளும் உண்டு. நீர்க் கோளத்தில் ஆர வழி அதிர்வுதான் எல்லாவற்றிலும் தாழ்ந்தது.

இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. 25.7 கிலோஹெர்ட்ஸ் நம் காதுக்கு எட்டாது. 2.57 கிலோஹெர்ட்ஸோ மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியில் விழுகிறது. சிறு குடுவை மேசைமேல் ஓசையின்றி வேலை செய்யும். பெரிய கோளத்தின் அருகே காதுறை இல்லாமல் நிற்கக் கூடாது.

பெரிதாக்குவது என்றால் எதை மாற்றாமல் வைத்து?

எல்லாக் குழப்பமும் இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான் வருகிறது. பெரிதாக்க இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் ஒன்றல்ல.

முதல் வழியில் அதே அடிப்படை அதிர்வு முறையை வைத்துக்கொள்கிறோம். கோளம் பத்து மடங்கானால் அதிர்வெண் பத்தில் ஒன்றாகும். அலையின் வடிவம் மாறாது, காலம்தான் பத்து மடங்கு நீள்கிறது.

இரண்டாம் வழியில் அதிர்வெண்ணை 25.7 கிலோஹெர்ட்ஸிலேயே வைத்துக்கொண்டு, பெரிய கோளத்தின் பத்தாவது ஆர வழி அதிர்வைத் தூண்டுகிறோம். குமிழுக்குப் பழகிய அதிர்வெண் அப்படியே இருப்பதால் இது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் அதிர்வு முறைகளின் நெரிசலைப் பாருங்கள். சிறு குடுவையில் அடிப்படை அதிர்வுக்கு அடுத்தது 36.8 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. இடையில் 11 கிலோஹெர்ட்ஸ் வெற்றிடம். 100 லிட்டர் கோளத்தில் 25.7 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் சராசரியாக 4 ஹெர்ட்ஸுக்கு ஓர் அதிர்வு முறை விழுகிறது. ஒத்ததிர்வின் கூர்மையைச் சொல்லும் தரக்காரணி (அடுத்த கேள்வியில் விளக்குகிறேன்) 1,000 என்றால் ஒவ்வொன்றின் அகலமும் சுமார் 26 ஹெர்ட்ஸ். ஆறேழு முறைகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். சுவரில் எங்கோ ஒரு பசைத் துளி சமச்சீரைக் கெடுத்தால் போதும், ஆற்றல் மையத்துக்குப் போகாமல் பக்கத்து முறைகளுக்குக் கசிந்துவிடும். கோளத்தைச் சுற்றிச் சீராகப் பல அதிர்வூட்டிகளைப் பொருத்தி எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் சேர்ந்து இயக்கினால் ஓரளவு சமாளிக்கலாம்.

என் பரிந்துரை முதல் வழி. இனி வரும் கணக்குகள் அதற்கே.

அந்தத் தரக்காரணி என்பது என்ன? அளவோடு அது மாறுமா?

தட்டிய மணி எத்தனை சுற்றுக்கு ஒலிக்கிறது என்பதைப் போன்ற ஓர் எண் அது. அதிகமானால் ஒத்ததிர்வு கூர்மையாகும், அதே அழுத்தத்துக்குக் குறைந்த திறன் போதும், ஆனால் அதிர்வெண்ணைப் பொருத்துவது கடினமாகும்.

வாயுக் கோளத்தில் இது அளவோடு மாறுவது தெளிவாகத் தெரியும். வாயு அமுங்கும்போது சூடாகிறது, சுவர் சூடாவதில்லை. ஆகவே சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் வெப்பம் கசிந்து இழப்பு ஏற்படுகிறது. 5 மில்லிமீட்டர் ஆரமுள்ள காற்றுக் கோளத்தில் அதிர்வெண் சுமார் 49 கிலோஹெர்ட்ஸ், அந்தப் படலம் ஏறத்தாழ 12 மைக்ரோமீட்டர். 50 மில்லிமீட்டர் ஆரத்தில் படலம் 37 மைக்ரோமீட்டர். கோளம் பத்து மடங்கு வளர்ந்தது, படலம் மூன்று மடங்குதான் வளர்ந்தது. இந்த இழப்பை மட்டும் கணக்கில் எடுத்தால் தரக்காரணி சுமார் 1,070 இலிருந்து 3,400 வரை ஏறுகிறது. ஆரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நீரில் கதை வேறு. தூய நீர் 25 கிலோஹெர்ட்ஸில் ஒலியை விழுங்குவது மிகமிகக் குறைவு. அது ஒன்றே இழப்பாக இருந்தால் தரக்காரணி பல லட்சங்களைத் தாண்டிவிடும். உண்மையில் கண்ணாடி, பசை, கழுத்து, தாங்கும் கம்பி, நீரில் ஒட்டியிருக்கும் நுண்குமிழ்கள் ஆகியவைதான் அதை ஆயிரத்தின் வரிசைக்கு இழுத்துவிடுகின்றன. ஆகவே நீர்க் கோளத்தின் தரக்காரணியை விதியைவிட உங்கள் கைவேலைதான் தீர்மானிக்கிறது.

எவ்வளவு திறன் வேண்டும்?

பலரும் நினைப்பதைவிடக் குறைவு. மையத்தில் 1.3 பார் அழுத்த வீச்சு வேண்டும் என்று வைப்போம். சிறு குடுவையில் தேங்கும் ஒலி ஆற்றல் சுமார் 58 மைக்ரோஜூல். தரக்காரணி 1,000 என்றால், அதைத் தக்கவைக்க 9 மில்லிவாட் போதும். குடுவைச் சுவர் அசையும் தூரம் 0.17 மைக்ரோமீட்டர், தலைமுடியின் கனத்தில் நானூறில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அசைவு மையத்தில் வளிமண்டல அழுத்தத்தையே மிஞ்சுவது எத்தனை முறை கணக்கிட்டாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பத்து மடங்கு பெரிய கோளத்தில் ஆற்றல் ஆயிரம் மடங்கு, 58 மில்லிஜூல். ஆனால் அதிர்வெண் பத்தில் ஒன்று என்பதால் திறன் நூறு மடங்குதான், ஒரு வாட்டுக்குச் சற்றுக் குறைவு. சுவர்ப் பரப்பும் நூறு மடங்கு ஆகிவிட்டதால், ஒரு சதுர சென்டிமீட்டர் சுவருக்கு வேண்டிய திறன் துளியும் மாறவில்லை. அளவை மாற்றும்போது நமக்குச் சாதகமாக அமையும் வெகு சில விஷயங்களில் இது ஒன்று.

கோளம் ஒத்ததிர்வில் இருக்கிறது, குமிழும் அப்படித்தானா?

இல்லை. இயற்பியலாளர் மினார்ட் 1933இல் கண்ட தொடர்பின்படி, நீரிலுள்ள காற்றுக் குமிழின் இயல்பு அதிர்வெண்ணை ஆரத்தால் பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 3.26 மீட்டர் வரும். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழ் 3.26 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும். ஒளி தரும் குமிழின் ஓய்வு ஆரம் 5 மைக்ரோமீட்டர் வரிசையில் இருக்கும். அதன் இயல்பு அதிர்வெண் பல நூறு கிலோஹெர்ட்ஸ். கலம் அதைவிட மிக மெதுவாகத் தள்ளி இழுக்கிறது. குமிழ் அந்த இழுப்புக்கு இணங்கி விரிந்து, தள்ளும்போது தாங்க முடியாமல் உள்நோக்கிச் சரிகிறது. கலத்தின் ஒத்ததிர்வு, குமிழின் சரிவு என்ற இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் அளவைப் பற்றிப் பேசவே முடியாது.

அப்படியானால் பெரிய கோளத்தில் குமிழும் பெரிதாகி, ஒளியும் ஆயிரம் மடங்கு ஆகுமே?

இதைத்தான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். முதலில் எதிர்பார்ப்பின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 25 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்று 40 மைக்ரோவினாடி. குமிழ் சுமார் 50 மைக்ரோமீட்டர் ஆரம் வரை விரிகிறது. இயற்பியலாளர் ராலே 1917இல் தந்த சூத்திரத்தில் இதைப் போட்டால், அது முழுதும் சரிய 4.6 மைக்ரோவினாடி ஆகும். சரிவில் விடுபடும் ஆற்றல் சுமார் 52 நானோஜூல். அதிர்வெண் பத்தில் ஒன்றானால் சுற்று 400 மைக்ரோவினாடி. விரிய நேரம் பத்து மடங்கு, ஆகவே ஆரம் பத்து மடங்கு, ஆற்றல் ஆயிரம் மடங்கு, 52 மைக்ரோஜூல். காகிதத்தில் எல்லாம் அழகாகப் பொருந்துகிறது.

இயற்கை இதற்கு இணங்காததற்கு மூன்று காரணங்கள்.

முதலாவது, நீராவி. குமிழ் விரியும்போது சுவரிலிருந்து நீர் ஆவியாகி உள்ளே புகுகிறது. சரியும்போது அது மீண்டும் சுவரில் படிந்து வெளியேற வேண்டும். ஆனால் சரிவின் கடைசிக் கட்டம் அவ்வளவு வேகமானது, உள்ளே இருக்கும் ஆவிக்குச் சுவரை அடைய நேரம் கிடைப்பதில்லை. சிக்கிய ஆவி வெப்பத்தை விழுங்குகிறது. அதன் மூலக்கூறுகள் உடைவதிலேயே பெரும்பங்கு ஆற்றல் செலவாகிவிடுகிறது. அதிர்வெண் குறையக் குறைய விரிவு கூடுகிறது, உள்ளே புகும் ஆவி கூடுகிறது, சிக்குவதும் கூடுகிறது. அமுக்கம் கூடியும் வெப்பம் அதற்கேற்ப ஏறாமல் போவதன் காரணம் இதுதான். ஆவியழுத்தம் மிகக் குறைந்த அடர் கந்தக அமிலத்தில் ஆர்கான் குமிழை வைத்தபோது ஒளி பலமடங்கு பிரகாசமானது. 2005இல் அத்தகைய குமிழிலிருந்து 15,000 கெல்வின் வரிசையில் வெப்பநிலை அளக்கப்பட்டது. கலத்தைப் பெரிதாக்காமலேயே திரவத்தை மாற்றிப் பெற்ற வெற்றி அது.

இரண்டாவது, பரப்பு இழுவிசை. 5 மைக்ரோமீட்டர் குமிழை அது 0.29 பார் அழுத்தத்தில் இறுக்கிப் பிடித்து உருண்டையாக வைத்திருக்கிறது. 50 மைக்ரோமீட்டர் குமிழில் அந்தப் பிடி 0.029 பார்தான். பெரிய குமிழின் மேற்பரப்பில் விழும் சிறு நெளிவு அடுத்தடுத்த சுற்றுகளில் வளர்ந்து, குமிழ் சரியும்போது துண்டுதுண்டாகிவிடும். கோளச் சரிவு இல்லையென்றால் ஆற்றல் ஒரு புள்ளியில் குவியாது.

மூன்றாவது, புவியீர்ப்பு. சிறு குடுவையில் ஒலியே குமிழை மையத்தில் கட்டிப்போடுகிறது. அழுத்த அலையின் உச்சி எவ்வளவு கூர்மையாக வளைந்திருக்கிறதோ அவ்வளவு வலுவானது அந்தப் பிடி. பத்து மடங்கு பெரிய கோளத்தில் உச்சி தட்டையாகிறது, பிடி நூறில் ஒரு பங்காகிறது. மிதப்பு விசையோ அப்படியே இருக்கிறது. குமிழ் மையத்திலிருந்து மேலே விலகும் தூரம் நூறு மடங்கு கூடுகிறது. கோளத்தோடு ஒப்பிட்டாலும் அது பத்து மடங்கு விலகல்.

நீராவி வெளியேறும் வேகம், பரப்பு இழுவிசை, புவியீர்ப்பு ஆகிய எதுவும் நம் கோளத்தின் விட்டத்தைக் கேட்டுக்கொண்டு மாறுவதில்லை. கலத்தை வளர்க்கலாம், நீரை வளர்க்க முடியாது.

வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் என்ன ஆகும்?

20 டிகிரி அருகே நீரில் ஒலியின் வேகம் டிகிரிக்கு நொடிக்குச் சுமார் 3 மீட்டர் கூடுகிறது. சிறு குடுவையின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் நகர்ந்துவிடும். ஒத்ததிர்வின் அகலமே 26 ஹெர்ட்ஸ் என்பதால் ஒத்ததிர்வை விட்டு வெளியே வந்துவிட்டோம் என்று பொருள். விகிதத்தில் இது எல்லா அளவுக்கும் ஒன்றே. வேறுபாடு வெப்பம் சமமாக ஆகும் நேரத்தில் இருக்கிறது. நீரோட்டம் இல்லை என்று கொண்டால் சிறு குடுவை சுமார் 10 நிமிடத்தில் சமநிலைக்கு வரும். பெரியதற்கு நூறு மடங்கு, 16 மணி நேரத்துக்கும் மேல். முந்தைய நாள் இரவே நிரப்பி வைத்துவிடுங்கள்.

கலத்துக்குள் நிலையான அழுத்தத்தை ஏற்றினால் விளைவு கூடுமா?

சரிவு ஆற்றல் கூடும், ஏனெனில் சரிவை நடத்துவதே அந்த அழுத்தம்தான். ஆனால் குமிழை விரிக்க ஒலியின் வீச்சும் அதை மிஞ்ச வேண்டும். அளவின் பக்கம் பார்த்தால், கோளச் சுவரின் கனம் ஆரத்துக்கு நேர்விகிதத்தில் வளர வேண்டும். 100 பார் அழுத்தத்துக்கு, எஃகில் 100 மெகாபாஸ்கல் தகைவை வரம்பாக வைத்தால், சிறு கோளத்துக்கு 1.4 மில்லிமீட்டர் சுவர், 118 கிராம் எஃகு. பெரியதற்கு 14 மில்லிமீட்டர், 118 கிலோகிராம். கனத்த எஃகுச் சுவர் வந்தவுடன் மேலே சொன்ன எளிய அதிர்வெண் விதியும் செல்லாது. சுவரையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: அழுத்தம் ஏற்றும் கலத்தில் வாயு இடைவெளி இருக்கவே கூடாது. 100 பாரில் 100 லிட்டர் நீர் தேக்கி வைக்கும் ஆற்றல் சுமார் 2,300 ஜூல். அதே இடத்தில் வாயு இருந்தால் பத்து லட்சம் ஜூலுக்கும் மேல். சோதனை செய்யப்படாத கலத்தில் இதை முயல வேண்டாம்.

குமிழ் இல்லாமல், வாயுவையே ஒத்ததிர்வில் அமுக்க முடியாதா?

முடியும். அங்கே தடை, வீச்சு கூடினால் அலை செங்குத்தாகி அதிர்ச்சி அலையாக உடைந்து ஆற்றலை வீணாக்குவது. கடினச் சுவர்க் கோளத்தில் மேல் அதிர்வு முறைகள் அடிப்படையின் முழு மடங்குகளாக அமையாததால் இந்த உடைவு தாமதமாகிறது. டிம் லூகாஸ் 1990களில் கலத்தின் வடிவத்தையே இதற்காகச் செதுக்கி, மிகப் பெரிய அழுத்த வீச்சுகளைப் பெற்றுக் காட்டினார். பெரிய கலத்தில் தரக்காரணி உயர்வதால் வீச்சும் எளிதில் ஏறும், ஆகவே இந்தச் சிக்கலும் சீக்கிரம் வந்துவிடும்.

துல்லிய அளவீட்டுக்கு எந்த அளவுக் கோளத்தைப் பயன்படுத்துகிறார்கள்?

கைக்கு அடங்கும் அளவுதான். 1988இல் அமெரிக்காவில் மோல்டோவர் குழுவினர் ஏறத்தாழ 3 லிட்டர் எஃகுக் கோளத்தில் ஆர்கானை நிரப்பி, ஒலியின் வேகத்திலிருந்து வாயு மாறிலியை அளந்தனர். கோளத்தின் கன அளவைப் பாதரசத்தை நிரப்பி எடைபோட்டுக் கண்டனர். 2013இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம் 62 மில்லிமீட்டர் ஆரமுள்ள செப்புக் கோளத்தால், வெப்பநிலையை மூலக்கூறின் ஆற்றலோடு இணைக்கும் போல்ட்ஸ்மன் மாறிலியைப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஐயப்பாட்டில் அளந்தது. 2019 மே 20 அன்று அந்த மாறிலி நிலைநிறுத்தப்பட்டு, கெல்வினின் வரையறையே அதன்மேல் அமைந்தது. இன்னும் பெரிதாகச் செய்தால் சுவர் இழப்பு குறையும், ஆனால் வெப்பநிலையை ஒரே சீராக வைப்பது கடினமாகிவிடும். சமரசம் இந்த அளவில் அமைகிறது.

இதனால் அணுக்கரு இணைவு நடக்குமா?

2002இல் சயன்ஸ் இதழில், டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) சேர்த்த அசிட்டோனில் குமிழ்ச் சரிவால் இணைவு நடந்ததாக ஒரு கட்டுரை வந்தது. சுயேச்சையான குழுக்களால் அதை உறுதிப்படுத்த முடியவில்லை. கோளத்தைப் பெரிதாக்கினால் நடந்துவிடும் என்பவர்களிடம் மேலே சொன்ன நீராவிக் கணக்கைக் காட்டுங்கள்.

இருப்பதிலேயே பெரிய கோள ஒத்ததிர்வு எது?

விண்மீன்கள். 1784இல் ஜான் குட்ரிக் என்னும் இளைஞர் டெல்டா செஃபை என்ற விண்மீன் ஒளி கூடிக் குறைவதைக் கண்டார். அதன் சுற்று 5.37 நாள். அந்த விண்மீன் முழுவதும் விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஹீலியம் அயனியாகும் அடுக்கு, சுருங்கும்போது வெப்பத்தைத் தேக்கி, விரியும்போது வெளிவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் தள்ளிக்கொடுக்கிறது. நம் குடுவையில் விட்டமும் ஒலியின் வேகமும் சுற்றைத் தீர்மானித்தன. விண்மீனில் மீட்டிழுப்பது ஈர்ப்பு விசை, ஆகவே சுற்றுக் காலம் சராசரி அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. அடர்த்தி குறைந்த பெரிய விண்மீன் மெதுவாகத் துடிக்கும். பிரகாசத்துக்கும் சுற்றுக்கும் உள்ள தொடர்பை ஹென்ரியெட்டா லீவிட் 1912இல் வெளியிட்டார். அண்டத் தொலைவுகளை அளக்கும் கோல் அதிலிருந்து பிறந்தது.

நான் எந்த அளவில் தொடங்கலாம்?

100 மில்லிலிட்டர் உருண்டைக் குடுவையில். 1990ஐ ஒட்டி இயற்பியலாளர் ஃபெலிப்பே கைட்டன் ஒற்றைக் குமிழை நிலையாக ஒளிரவைத்துக் காட்டியபின், ஆய்வகங்களிலும் வீடுகளிலும் பலர் அதைத் திரும்பச் செய்தது இந்த அளவில்தான். குடுவையின் இருபுறமும் எதிரெதிராக, மின்னழுத்தம் கொடுத்தால் அதிரும் இரண்டு பீசோ வில்லைகள், அடியில் கேட்பதற்கு ஒரு சிறு வில்லை. நீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டு, கரைந்த காற்றைப் பெருமளவு நீக்குங்கள். மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் அலைவுகாட்டியில், கேட்கும் வில்லையின் வீச்சு உச்சம் தொடும் அதிர்வெண்ணைக் கண்டபின், ஒரு சொட்டு நீரை மேலிருந்து விடுங்கள். அது கொண்டுவரும் குமிழ்களில் ஒன்று மையத்துக்கு ஓடி நிற்கும். முதலில் நடுங்கும். வீச்சைச் சற்றே கூட்டினால் அசையாமல் நிற்கும். அந்நேரம் அலைவுகாட்டியின் வழவழப்பான வளைவின்மேல் மெல்லிய நெளிவு ஒன்று ஒட்டிக்கொள்ளும். விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் காத்திருங்கள். நடுவில் ஊசிமுனை அளவில் நீலப் புள்ளி தெரியும்.

அது கைவந்தபின் 100 லிட்டருக்குத் தாவாதீர்கள். 250 மில்லிலிட்டர் குடுவை எடுங்கள். விட்டம் 7.8 சென்டிமீட்டர், அதிர்வெண் சுமார் 19 கிலோஹெர்ட்ஸ். வில்லைக்கு மின்னழுத்தத்தை ஏற்றிக்கொடுக்கப் பீசோ வில்லைகளோடு தொடராக வைக்கும் மின்தூண்டியின் (கம்பிச் சுருளின்) மதிப்பை 1.8 மடங்காக்க வேண்டும், இல்லாவிட்டால் வில்லைக்குப் போதிய மின்னழுத்தம் ஏறாது.